உயிர்க் காலேஜும் ஊரோரக் காடும்

சென்னை நகரத்துப் பழைய தலைமுறையினர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த விலங்குக் காட்சிசாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் வழங்கி வந்தனர். முன்னதில் விலங்குகளைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தனர். பின்னதில் அவற்றை உயிரோடு கூண்டில் வைத்திருந்தனர். எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டால் மறக்காத பெயர்கள் இவை. ஆனால், இவ்விரு பெயர்களிலும் அடங்காத மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. அது செத்ததும் அன்று. கூண்டில் அடைபட்டதும் அன்று. நகரத்தின் ஓரத்தில், குளக்கரையில், ஆளுநர் மாளிகைத் தோப்பில் தானே இரைதேடித் தானே குட்டிபோட்டு வாழும் கூட்டம் அது. அதற்கு மக்கள் பெயர் வைக்கவில்லை. காட்சிசாலைகளை நிறுவியும் விரித்தும் வந்தவர்கள் அதனை நெடுங்காலம் கணக்கிலும் வைக்கவில்லை.

கெடா மாநிலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு உயிர்க் காலேஜ் என்றால் அது பெரும்பாலும் தைப்பிங்தான். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பேருந்து ஏறினால், பேராக் எல்லையைக் கடந்து பகலுணவுக்கு முன் அங்குச் சேர்ந்துவிடலாம். ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளை 1880-களில் ஏரிப் பூங்காவாக மாற்றினர். அதன் பக்கத்தில் 1961-இல் எழுந்தது 34 ஏக்கர்க் காட்சிசாலை. அதன் முதுகுப்புறம் புக்கிட் லாருட் மலைக்காடு. கூண்டுக்குள் இருக்கும் குரங்கைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட லோத்தோங் ஒன்று மலையடிவாரத்து மரத்தில் தாவுவதைப் பார்க்கச் சீட்டு வேண்டியதில்லை. முதற்குரங்குக்கு ஏட்டில் பெயருண்டு, வேளைக்கு உணவுண்டு, நோய்வந்தால் மருத்துவர் உண்டு. இரண்டாவது குரங்குக்கு இருப்பது அந்த மரம் ஒன்றே.

எந்த நாட்டிலும் காட்சிசாலையை விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது, கூண்டுகள் குறுகியவை, விலங்குகள் துன்புறுகின்றன, இடம் போதாது என்ற காரணங்களே சொல்லப்படும். அவை பொய்க்காரணங்கள் அல்ல. ஆனால் அந்தக் காரணங்கள் எல்லாம் முதற்குரங்கைப் பற்றியவை. இடம் பறிபோவதோ இரண்டாவது குரங்குக்கு. இந்த வழக்கில் வாதி ஒருவர். பிரதிவாதி நீதிமன்றத்திற்கு அழைக்கப்படுவதே இல்லை.

தமிழாசிரியர்களுக்கு இதனை விளக்குவது எளிது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுத்தபோது விலங்கையும் பறவையையும் மரத்தையும் அந்நிலத்து மக்களின் உணவோடும் தொழிலோடும் ஒரே வரிசையில் வைத்தார். விலங்கு தனிப்பொருள் அன்று, திணையின் உறுப்பு. காட்சிசாலை என்பது திணையிலிருந்து விலங்கை மட்டும் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நடுவது. அப்படி நடும் இடமும் ஒரு திணையே என்பதும், அங்கும் முன்பே ஒரு கருப்பொருள் வாழ்கிறது என்பதும் மறந்துபோவதுதான் இந்த வரலாற்றின் சிக்கல்.

பால்ஃபரின் இரு முகங்கள்

சென்னையின் உயிர்க் காலேஜைத் தொடங்கியவர் எட்வர்டு பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர். கிழக்கிந்தியக் கும்பினியின் பணியில் இருந்தவர். 1851-இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் பொறுப்பு இவரிடம் வந்தது. கல்லும் எலும்பும் காண வருவோர் சிலரே. உயிருள்ள சிறுத்தைக் குட்டியையும் புலிக்குட்டியையும் அங்கு வைத்தபின் கூட்டம் பெருகியது. கூட்டத்தைக் கண்ட பால்ஃபர் ஒரு விலங்குக் காட்சிசாலையே வேண்டும் என்று முயன்று, கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் பெற்று, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே அதனைத் தொடங்கிவிட்டார்.

இவரைப் பற்றி அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. மரங்கள் மழையை வருவிப்பதிலும் நிலத்தின் ஈரத்தைக் காப்பதிலும் என்ன பங்கு வகிக்கின்றன என்பது பற்றி 1849-இலேயே கட்டுரை எழுதி, காடழிந்தால் பஞ்சம் வரும் என்று கும்பினி அரசை எச்சரித்தவர் இவர். மருத்துவராகப் பஞ்சத்தையும் நோயையும் கண்ட கண்கள் மரத்தையும் கண்டன. 1856-இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை அமைந்து, ஹியூ கிளெக்ஹார்ன் அதன் தலைவரானார். உயிர்க் காலேஜுக்கும் வனத்துறைக்கும் இடையே ஓராண்டே வேறுபாடு. காட்டின் அருமையை எழுதியவரும் விலங்கைக் கூண்டில் வைத்துக் காட்டியவரும் ஒருவரே. ஆயினும் அவர் காலத்தில் இவ்விரண்டும் முரண்படவில்லை. ஏனெனில் சென்னையைச் சுற்றிலும் அப்போது வெளி இருந்தது.

அருங்காட்சியக வளாகம் விரைவில் நிரம்பிவிட்டது. 1860-களின் தொடக்கத்தில் விலங்குகளைப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினர். ஆளுநர் சர் சார்லஸ் டிரெவல்யன் மக்களுக்காக வகுத்த அப்பூங்கா 116 ஏக்கர் பரப்புடையது. அதற்குள் குளங்களும் நிழற்சாலைகளும் இருந்தன. நெருக்கடி தீர்ந்தது என்றே அன்று எல்லோரும் எண்ணியிருப்பர்.

பூங்காவை உண்ட நகரம்

பின்வந்த நூறாண்டுகளில் நடந்தது எல்லாப் பெருநகரங்களிலும் நடப்பதுதான். காட்சிசாலை பூங்காவை உண்ணவில்லை. நகரம் பூங்காவை உண்டது. 1873-இல் பக்கத்தில் சென்ட்ரல் இரயில் நிலையம் எழுந்தது. 1880-களில் விக்டோரியா மண்டபம், 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் பொதுநலத்துக்கானதே, எதனையும் வேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வெற்றிடம் என்று கருதிய நிலத்தில் வந்தது. குளம் இருந்தால் அது நீர் தேங்கும் பள்ளம். புதர் இருந்தால் அது துப்புரவு செய்யாத இடம். சிங்கமும் கரடியும் இரயில் ஊதலையும் கடைக்காரர் கூவலையும் கேட்டுக்கொண்டு பழைய கூண்டுகளில் இருந்தன.

1970-களின் நடுவில் காட்சிசாலையை ஊருக்கு வெளியே கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று. நகரின் தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை 1976-இல் வனத்துறை ஒதுக்கியது. 1979-இல் வேலை தொடங்கியது. தொடக்கச் செலவு 7.5 கோடி ரூபாய். 1985 ஜூலை 24-ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். அதற்கு இரண்டு மாதத்துக்குள்தான், மே 30-ஆம் நாள், மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. அவ்விடத்தில் புறநகர் இரயில் நிலையம் வந்தது. விலங்குகள் வெளியேறியதால் பீப்பிள்ஸ் பார்க் மீண்டும் பூங்காவாகிவிடவில்லை. மை லேடீஸ் பூங்கா போன்ற சிறு துண்டுகளே எஞ்சின. காட்சிசாலையை இடம்மாற்றும்போது பழைய இடம் என்னவாகும் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நகரின் நடுவே நூறு ஏக்கர் நிழல் ஒருவேளை மிஞ்சியிருக்கும்.

இதே காலத்தில் நகரின் தெற்கே கிண்டியில் மற்றொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஆளுநர் மாளிகையைச் சுற்றிய காட்டில் 505 ஹெக்டேர் 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. வெளிமானும் புள்ளிமானும் நரியும் வாழ்ந்த காடு அது. அதன் ஒரு பகுதியில் 1950-களின் இறுதியில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வந்தது. 1958-இல் நேருவின் விருப்பப்படி மற்றொரு துண்டு சிறுவர் பூங்காவாயிற்று. அதுவும் ஒரு சிறு காட்சிசாலையே. காந்தி மண்டபமும், பின்னர் இராஜாஜி, காமராஜர் நினைவிடங்களும், 1972-இல் பாம்புப் பண்ணையும் வந்தன. 1961 முதல் 1977 வரை மட்டும் ஏறத்தாழ 172 ஹெக்டேர் காடு பல துறைகளுக்குக் கைமாறியது. எஞ்சிய 270 ஹெக்டேரை 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபின்தான் கைமாற்றம் நின்றது.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மான்களைக் குழந்தைகளுக்குக் காட்டுவதற்காக, மான்கள் தாமே வாழ்ந்த காட்டின் ஒரு துண்டு வேலியிடப்பட்டது. வேலிக்கு வெளியே நின்ற மானுக்கும் உள்ளே நின்ற மானுக்கும் இனத்தால் வேறுபாடில்லை. வெளிமானின் இயல்பு திறந்த புல்வெளியில் ஓடுவது; மரமடர்ந்த இடம் அதற்கு ஆகாது. நிலத்துண்டுகளுக்கிடையே சுவர்கள் எழும்பவும், புல்வெளிகளில் புதர் ஏறவும், கிண்டியில் அதன் எண்ணிக்கை தேய்ந்தது. கழகத்து மாணவர் விடுதிகளுக்கருகே மேயும் மான்களைப் புகைப்படம் எடுப்பவர் பலர். அவை அழகுக்காக அங்கு வரவில்லை. தம் பழைய வீட்டை விட்டுப் போகவில்லை, அவ்வளவே.

வண்டலூர்ச் சுவர்

வண்டலூருக்குத் திரும்புவோம். அங்கு ஒதுக்கப்பட்ட காப்புக்காடு கன்னிக்காடு அன்று. விறகுவெட்டும் மேய்ச்சலும் நலித்த புதர்க்காடு. முள்மரமும் பாறையும் நிறைந்த அத்தகைய நிலத்தைக் ‘கரடு’ என்று தள்ளிவிடுவது வழக்கம். ஆனால் கிழக்குக் கடற்கரையின் வறண்ட புதர்க்காடு தனக்கென ஒரு வாழ்வுடையது. கீரியும் நரியும் உடும்பும் முயலும் பாம்பும் எண்ணற்ற பறவைகளும் அதனை நம்பியவை. அந்நிலத்தில் சாலைகள் வகுத்து, அகழி தோண்டி, கம்பிக்கூண்டின்றித் திறந்தவெளி அடைப்புகள் அமைத்தனர். மரங்களும் நட்டனர். சுற்றிலும் சுவர் எழுப்பினர்.

அந்தச் சுவரைப் பற்றி இருவிதமாகச் சொல்லலாம், இரண்டும் உண்மை. வண்டலூர்க் காட்டைப் பக்கத்துக் காடுகளிலிருந்து அது பிரித்தது. வழக்கமாகக் கடந்துபோகும் விலங்கின் வழியை அடைத்தது. அதே சுவர்தான் பின்னால் வந்த மனைவணிகத்திலிருந்து அந்நிலத்தைக் காத்தது. 1976-இல் ஊருக்கு வெளியே இருந்த வண்டலூர் இன்று ஊருக்குள் வந்துவிட்டது. பெருநெடுஞ்சாலையின் இருபுறமும் வீடுகள்; 2023 டிசம்பரில் அருகிலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. இந்த நெருக்கத்துக்கிடையே சுவருக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் நீருள்ள ஆண்டுகளில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அவற்றை யாரும் விலைகொடுத்து வாங்கி வரவில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் அங்கு ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அடைப்புக்குள் இருந்த விலங்குகளின் நலம் பற்றியே செய்தித்தாள்கள் எழுதின. கூடிழந்த கொக்குகளை எண்ணுவார் யார்?

2001-இல் சர்க்கஸ் முதலியவற்றிலிருந்து மீட்கப்படும் விலங்குகளின் மறுவாழ்வு மையத்துக்காக மேலும் 92 ஹெக்டேர் சேர்ந்து, பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர் ஆயிற்று. விரிவாக்கங்களில் குறைசொல்ல இயலாத வகை இது. சாட்டைக்கு ஆடி முதிர்ந்த சிங்கத்துக்குப் படுக்க இடம் வேண்டாமா? வேண்டும். ஆனால் சிங்கத்துக்குக் கொடுக்கும் இடத்தில் முயல் இருந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு நாள் கூடவா கிடைக்காது?

காட்சிசாலை காடா?

இக்கேள்வி அண்மையில் இந்தியாவின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. காட்டு நிலத்தைக் காடல்லாத பணிக்குப் பயன்படுத்த நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். சுரங்கம், அணை, சாலை எல்லாம் இதன்கீழ் வரும். 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சரணாலயமும் தேசியப் பூங்காவும் அல்லாத காடுகளில் அரசு நிறுவும் விலங்குக் காட்சிசாலையும் ‘சஃபாரி’ என்னும் உலாக்காட்சியும் இனிக் காடல்லாத பணியாகக் கருதப்படா என்று அத்திருத்தம் கூறியது. அதாவது, காட்டைத் திருத்திக் காட்சிசாலை கட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது காடாகவே இருக்கும். புலி இருக்கிறதே, பிறகு காடு இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது போன்ற வாதம் இது. இலக்கணத்தில் இதனை ஆகுபெயர் எனலாம். நிலத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

2024 பிப்ரவரி 19-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. காட்டு நிலங்களில் காட்சிசாலையோ சஃபாரியோ அமைப்பதாயின் நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல் பெற வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் பாக்ரோ என்னுமிடத்துப் புலி சஃபாரி பற்றிய வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அங்கு 6,000-க்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன என்று இந்திய வன ஆய்வு நிறுவனம் முன்னரே கணித்திருந்தது. புலிகள் ஏற்கெனவே வாழும் காட்டில், புலியைக் காட்டுவதற்காக மரம் வெட்டிய விந்தை அது. கிண்டி மானின் கதையே வடக்கே பெரிய அளவில் அரங்கேறியது.

மண்டாயில் கட்டிய பாலம்

மலேசியத் தமிழர்களுக்கு இன்னும் அருகில் உள்ள எடுத்துக்காட்டு சிங்கப்பூர். அங்குத் தாவரவியல் பூங்காவில் 1875-இல் தொடங்கிய சிறு காட்சிசாலை செலவு தாளாமல் 1905-இல் மூடப்பட்டது. பின்னர் இந்திய வழிவந்த செல்வர் வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா சிராங்கூன் சாலையில் தம் வீட்டிலேயே விலங்குகளை வளர்த்தார். அண்டை வீட்டார் பொறுப்பரோ? 1928-இல் அவற்றைப் பொங்கோல் கடற்கரைக்குக் கொண்டுபோனார். அப்பே என்ற புலி சங்கிலியோடு அவர் பின்னே நடக்கும் என்பது அந்நாளைய சிங்கப்பூரின் புகழ்பெற்ற செய்தி. 1942-இல் சப்பானியர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படை அந்நிலத்தைக் கேட்டது. பறவைகளைப் பறக்கவிட்டனர், கொடிய விலங்குகளைச் சுட்டனர். மறு ஆண்டில் பாசப்பாவும் மறைந்தார். வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை ஒரு நாளில் இழந்தவர் அவர்.

இன்றைய சிங்கப்பூர்க் காட்சிசாலை 1973 ஜூன் 27-ஆம் நாள் மண்டாயில் திறக்கப்பட்டது. பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவர் ஓங் சுவீ லா முன்மொழிந்தது. நீர்த்தேக்கத்தை அடுத்த 28 ஹெக்டேர். கொழும்புத் தெகிவளைக் காட்சிசாலை இயக்குநர் லின் டி அல்விஸ் வந்து திட்டமிட்டுக் கொடுத்தார். கம்பிக்கூண்டில்லாத அமைப்பு அன்று புதுமை. அப்புதுமையின் வேடிக்கை ஒன்றும் உண்டு: 1974-இல் நீர்யானை ஒன்று தப்பி, ஆறு வாரத்துக்கு மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் சுகமாக நீந்திக்கொண்டிருந்தது. பின்னர் 1994-இல் இரவு சஃபாரி, அதன்பின் ஆற்றுச் சஃபாரி, 2023-இல் ஜூரோங்கிலிருந்து இடம்பெயர்ந்த பறவைப் பூங்கா, 2025-இல் மழைக்காட்டுப் பூங்காவும் தங்கும் விடுதியும் என்று விரிந்து, மண்டாய் முழுவதும் 126 ஹெக்டேர் வட்டாரமாயிற்று.

புதிய பகுதிகள் வந்த நிலம், முன்பு கிராமமும் பழத்தோட்டமுமாக இருந்து மக்கள் வெளியேறியபின் காடேறிய நிலம். அது மூலக்காடு அன்று என்றே திட்டமிட்டோர் கூறினர். அதில் உண்மை இருந்தது. ஆயினும் அதன் இருபுறமும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகம் இருந்தது. அழுங்கும் சிறுத்தைப்பூனையும் மிளாவும் இந்தப் ‘பயனற்ற’ நிலத்தை நடைபாதையாகப் பயன்படுத்தின. மூலக்காடு விலங்குக்கு வீடு என்றால், கைவிட்ட தோட்டம் அதற்குத் தெரு. தெருவை அடைத்துவிட்டு வீட்டைக் காத்தோம் என்று சொல்லுதல் ஆகுமா? கட்டுமானம் நடந்தபோது, 2018-இல், அப்பகுதிச் சாலைகளில் காட்டு விலங்குகள் வண்டியில் அடிபட்டு இறந்த செய்திகள் வந்தன. இயற்கை ஆர்வலர் எச்சரித்ததும் அதனையே.

ஆனால் மண்டாயின் கதையில் மற்ற இடங்களில் இல்லாத ஒன்றும் உண்டு. 2019 டிசம்பரில் மண்டாய் ஏரிச் சாலையின் மீது, மண்ணிட்டு மரம் நட்டு, விலங்குகள் கடப்பதற்கென்றே ஒரு பாலம் திறந்தனர். மிளாவும் அழுங்கும் அதன்வழிக் கடப்பதைக் கண்காணிப்புக் கருவிகள் பதிவு செய்தன. பறவைப் பூங்கா திறப்பதற்கு மூன்றாண்டு முன்பே பாலம் ஆயத்தமாகிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. இது முழுநிறைவான தீர்வா என்றால், அன்று. விடுதியும் ஊர்திநெரிசலும் இருளை நம்பி வாழும் உயிர்களுக்கு நன்மையல்ல. எனினும் சீட்டு வாங்காத விலங்குக்கும் ஒரு செலவுத் தலைப்பு திட்டத்தில் இடம்பெற்றது.

மலேசியாவில் தேசிய விலங்குக் காட்சிசாலையின் அனுபவம் வேறுவகை. அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் 1963 நவம்பர் 14-ஆம் நாள் உலு கிளாங்கில் அதனைத் திறந்தார். 110 ஏக்கர். அன்று கோலாலம்பூரின் விளிம்பு. இன்று சுற்றிலும் குடியிருப்பு. அழிவின் விளிம்பில் இருந்த பால்வண்ண நாரையை அங்கு வளர்த்துப் பெருக்கி, பேராக்கின் கோலா குலா சதுப்புநிலத்தில் கொண்டுபோய் விட்டனர். இது காட்சிசாலை காட்டுக்குச் செலுத்திய கடன். மறுபுறம், காட்சிசாலைகளில் திறந்துவிட்ட வெளிநாட்டு மஞ்சள்மூக்கு நாரை பால்வண்ண நாரையோடு கலந்து, சிங்கப்பூரின் சுங்கை பூலோ கரையில் இருகுணமும் கொண்ட கலப்புப் பறவைகள் காணப்பட்டன. ஆக, சுவரைக் கடப்பது காட்டு விலங்கு மட்டும் அன்று. காட்சிசாலை விலங்கும் கடக்கிறது. உள்ளே, வெளியே என்ற பாகுபாடு கணக்குப் புத்தகத்தில் இருப்பதேயன்றி வானத்தில் இல்லை.

சட்டம் என்னவோ இருநாட்டிலும் ஏறக்குறைய ஒரே வேளையில் விழித்தது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் மலேசியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1972-இலேயே பிறந்தவை. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பழையதன் இடத்துக்கு வந்தது. 2012-இல் காட்சிசாலைகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. விலங்கை எவ்வாறு வைத்துக் காக்க வேண்டும் என்பதற்கு அவ்விதிகள் வழிசொல்கின்றன.

கெடாவின் நிலம்

கெடாவில் இந்தக் கேள்வி காட்சிசாலை என்ற பெயரில்தான் வரவேண்டும் என்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் காடு வெட்டிக் கித்தா நட்டவர் தமிழர். ஹார்வார்டு, டப்ளின், பத்தானி பாரா என்று தோட்டத்துப் பெயர்களைச் சொன்னாலே முதியோர்க்கு நினைவு திரும்பும். அவ்வெட்டில் யானையும் புலியும் உட்புறம் ஒதுங்கின. உலு மூடாக் காடு இன்னும் யானைக்கு வீடாக இருப்பதோடு, கெடா, பினாங்கு, பெர்லிஸ் மூன்றுக்கும் நீர் வார்க்கிறது. ஒதுங்காதவையும் உண்டு. நீள்வால் குரங்கும் காட்டுப்பன்றியும் உடும்பும் கித்தா மரத்தடியோடு பழகிக்கொண்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தபோது பாம்பும் எலியும் அவற்றைத் தின்னும் பறவையும் பழகிக்கொண்டன. எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைக்கும் முறை 1980-களிலிருந்து பரவியது. நஞ்சுக்குப் பதில் பறவையை நம்பிய நல்ல முறை அது. சம்பளமில்லாத் தொழிலாளி அந்தக் கூகை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை பட்டாணியைச் சுற்றிலும் குடியிருப்புகள், கூலிமில் 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா என்று வளர்ச்சி வந்தது. இலயத்து மக்களிலும் மாற்று வீடு கேட்டுப் பல்லாண்டு காத்திருந்தோர் உண்டு. ஆகவே கணக்கில் வராமல் வெளியேறுவது என்றால் என்ன என்பதை இந்த மாவட்டத்துத் தமிழர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறும்போது நிலம் அளக்கப்படும், மரம் எண்ணப்படும், கோயிலுக்கும் பள்ளிக்கும் பேச்சு நடக்கும். ஓடைக்கரையில் நடாமல் விட்ட புதர்ப்பட்டையைப் பற்றிப் பேச்சு நடப்பதில்லை. உடும்பும் நீர்க்கோழியும் லோத்தோங்கும் ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குப் போவது அந்தப் பட்டையின் வழியே. மண்டாயில் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய பாலம் செய்யும் வேலையை, இங்கே அந்தப் பட்டை செலவில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

அப்பட்டையின் அகலம் எவ்வளவு, அதில் என்னென்ன கடக்கின்றன என்று ஓராண்டு, மழைக்காலமும் வெயிற்காலமும் பார்த்து எழுதிவைக்கும் வேலைக்குப் பெரிய அறிஞர் குழு வேண்டியதில்லை. இயற்கைப் பாடம் நடத்தும் ஆசிரியரும் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். தைப்பிங்குக்குப் பேருந்து ஏறும் நாளில் கூண்டுப்பலகையைப் பார்த்து எழுதுவதைப் போலவே, பள்ளிக்குப் பின்புறத்து ஓடையையும் எழுதலாம். மனை போடும் வரைபடம் வருவதற்கு முன் அந்த நோட்டு இருக்க வேண்டும். வந்தபின் எழுதிப் பயனில்லை. கிண்டியில் அறிவிப்பு வந்தபோது 505-இல் 270 மிஞ்சியிருந்தது.